பேட்டரி செத்துவிடும் என்ற பயம்

கேள்வி:

நான் புதியம்புத்தூர்க்காரன். எங்க ஊரில் பாதிப் பேர் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்க, நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுவது பன்னிரண்டு சக்கர லாரி, பி.எஸ்.6 வண்டி, ஏ.சி. கிடையாது. தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போவேன். திரும்பும்போது கிடைக்கிற லோடு. சில சமயம் துறைமுகத்து வேலைக்கும் வண்டியை விடுவார்கள்.

ஓட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். குடோன் வாசலில் ஒரு ராத்திரி, துறைமுகத்துக்கு வெளியே ஒரு ராத்திரி. கேபினில் ஃபேன் போடாமல் படுக்க முடியாது. கொசு ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம். ஃபேன், லைட், பாட்டு, இரண்டு போன் சார்ஜ், இன்வெர்ட்டரில் கொஞ்சம் சோறு. இதெல்லாம் பேட்டரியை இறக்கிவிடும் என்று இன்ஜினை ஓட விட்டே தூங்குவேன். முதலாளி மொபைலில் ஆப் வைத்திருக்கிறார். "வண்டி ஆறு மணி நேரம் சும்மா ஓடியிருக்கு, டீசல் உன் அப்பன் வீட்டுதா?" என்கிறார். சரி என்று அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வண்டியில் வயர் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு தடவை இல்லை.

அணைத்து அணைத்து ஸ்டார்ட் பண்ணினால்தான் டீசல் அதிகம் குடிக்கும் என்று பழைய டிரைவர்கள் சொல்கிறார்கள். எலக்ட்ரீசியன் பெரிய பேட்டரி போடச் சொல்கிறார். வண்டி நிற்கும்போது பேட்டரியில் ஓடுகிற ஏ.சி. என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதை முதலாளியிடம் கேட்கலாமா? நான் என்னதான் செய்ய?

(லாரி ஓட்டுநர், புதியம்புத்தூர்)

பதில்:

தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். உங்கள் முதலாளியும் நீங்களும் சண்டை போடுவது கணக்கு தெரியாமல்தான்.

உங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். பேட்டரி ஒவ்வொன்றும் 120 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 240 என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதிரி இணைப்பில் வோல்ட்தான் இரட்டிப்பாகும், ஆம்பியர்-அவர் அதே 120தான். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் எடுக்கக் கூடாது. ஆக உங்கள் கையில் உள்ள செலவுக்காசு 40 ஆம்பியர்-அவர்.

இப்போது செலவைப் பாருங்கள். கேபின் ஃபேன் 20 வாட்ஸ் அளவுதான் இருக்கும். 24 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. ராத்திரி ஒன்பதுக்குப் போட்டு காலை ஐந்துக்கு அணைத்தால் மொத்தம் 7 ஆம்பியர்-அவருக்குள் முடிந்தது. எல்.இ.டி. லைட் நாலு மணி நேரம் எரிந்தால் ஒன்று. இரண்டு போனும் முழுக்கச் சார்ஜ் ஏற இரண்டு. இந்த மூன்றையும் கூட்டினால் பத்து. நல்ல நிலையில் உள்ள பேட்டரியில் இப்படி மூன்று ராத்திரி தொடர்ந்து படுத்துத் தூங்கினாலும், நாலாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்க வேண்டும். ஃபேனுக்காக இன்ஜினை ஓட்டுகிறேன் என்பது ஏழு ஆம்பியர்-அவருக்காக ஒரு ராத்திரி டீசலை எரிப்பது.

அந்த டீசல் எவ்வளவு? நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது உங்கள் மாதிரி வண்டி மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கும். ஒன்றரை என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு 12 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றே போட்டாலும் ஆயிரத்து நூறு ரூபாய். லோடோடு நாலு கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டிக்கு அது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். முதலாளி கத்துவதில் நியாயம் இருக்கிறது. கத்தும் விதத்தில் இல்லை. அமெரிக்காவில் பெரிய இன்ஜின்கள் சும்மா ஓடினால் மணிக்கு 3 லிட்டர் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் கனரக டீசல் வண்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று ஓடக் கூடாது என்பது சட்டம்.

"அணைத்து ஸ்டார்ட் பண்ணினால்தான் டீசல் அதிகம்" என்கிற பேச்சை அந்தப் பழைய டிரைவர்களிடமே விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது போகிற டீசல், சும்மா ஓடும்போது சில நொடிகளில் போகிற டீசல்தான். பேட்டரி கணக்கிலும் அப்படியே. செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்தாலும் இழுப்பது மூன்று நொடி. கணக்குப் போட்டால் கால் ஆம்பியர்-அவர். உங்கள் ஃபேன் இருபது நிமிடம் ஓடினால் போகிற அளவு. அவர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை: லோடோடு ஏறி வந்து நிறுத்தியவுடன் பட்டென்று அணைக்கக் கூடாது. டர்போவில் சூடு இறங்க இரண்டு, மூன்று நிமிடம் ஓட விட வேண்டும். அந்த மூன்று நிமிடம்தான் காலப்போக்கில் ஆறு மணி நேரமாக நீண்டுவிட்டது.

அப்படியானால் காலையில் செல்ஃப் ஏன் எடுக்கவில்லை? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நீங்கள் இன்ஜினை ஓட விடுவது ஃபேனுக்காக அல்ல. காலையில் கைவிட்டுவிடுமோ என்ற பயத்துக்காக. அந்தப் பயத்துக்குக் காரணம் வண்டியில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்யாமல் டீசல் ஊற்றி மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எலக்ட்ரீசியன் சொல்கிறபடி பெரிய பேட்டரி போட்டாலும் ஆறு மாதத்தில் இதே கதைதான் திரும்பும்.

முதல் சந்தேகம் எனக்கு இன்வெர்ட்டர் மேல். ஆயிரம் வாட்ஸ் குக்கரை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 50 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரச் சோறு 25 ஆம்பியர்-அவர். மூன்று நாள் ஃபேனுக்கு ஆன செலவை ஒரு வேளைச் சோறு தின்றுவிடுகிறது. லாரியில் வருவது ஸ்டார்ட்டிங் பேட்டரி. உள்ளே தகடு மெல்லிசாக, நிறைய இருக்கும். ஒரே மூச்சில் முந்நூறு ஆம்பியரைக் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தது அது. அதை மணிக்கணக்கில் அடிவரை இறக்குவது ஜல்லிக்கட்டுக் காளையை ஏரில் பூட்டுகிற வேலை. ஆழமாக இறங்கி, இறங்கின நிலையிலேயே கிடந்தால், தகடுகளில் வெள்ளையாக சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. சோற்றை கேஸ் அடுப்பில் வையுங்கள், கேபினுக்குள் அல்ல, வெளியே.

இரண்டாவது, பாட்டுப்பெட்டி. அதற்கு 12 வோல்ட்தான் வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் சர்வசாதாரணமாக என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்து செட்டுக்கும் போன் சார்ஜருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது, காசு வாங்கியாயிற்று. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்கும். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்த்து 28 வோல்ட் என்றுதான் தெரியும். எது காலி, எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. இறங்கின பேட்டரி நிறையவே நிறையாது, நிறைந்த பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றிப் பழையதோடு போட்டாலும் இதே சண்டைதான் உள்ளே நடக்கும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்பில் ஏதாவது மெல்லிய வயர் தனியாகக் கிளம்பிப் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பெரிய பேட்டரியின் விலையில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது.

பாட்டுக் கேட்க சாவியை முழு 'ஆன்' நிலையில் வைக்கும் பழக்கமும் உண்டா? பி.எஸ்.6 வண்டியில் சாவி ஆனில் இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர், டேஷ்போர்டு, சென்சார் எல்லாம் விழித்திருக்கும். நீங்கள் தூங்குவீர்கள், அவை தூங்காது. அதோடு முகப்பில் கட்டியிருக்கும் கலர் கலரான சீரியல் லைட். அழகுதான், மறுக்கவில்லை. ராத்திரி முழுக்க எரிந்தால் ஃபேனைப்போல மூன்று மடங்கு தின்னும். ரோட்டோரத்தில் நிற்கும்போது பின்பக்க பார்க்கிங் லைட்டை மட்டும் எந்தக் கணக்கைச் சொல்லியும் அணைக்காதீர்கள். மதுரை ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் நின்ற லாரியின் பின்னால் மோதின கார்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நீங்கள் ஏற்றும் உப்பு. தூத்துக்குடி டிரைவருக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உப்பிலிருந்து கசியும் தண்ணீர் சேஸிஸில் இறங்கி எர்த் வயரின் முனையை அரித்துவிடும். மேலே பார்த்தால் போல்ட் இருக்கும், வயர் இருக்கும். உள்ளே பச்சைப் பொடிதான். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதுமான கரண்ட் அதன் வழியாகப் போகும். செல்ஃபுக்கு முந்நூறு ஆம்பியர் கேட்கும்போது அந்த வழி அடைபட்டுவிடும். "டக் டக்" என்று சத்தம் மட்டும் வரும். உடனே "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு! நல்ல பேட்டரியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் இரும்பிலும் வைத்துக்கொண்டு கிளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியின் மேல் குற்றமில்லை, எர்த்தின் மேல்தான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். பாசிட்டிவ் பக்கத்து வயரையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

நாலாவது, தண்ணீர். கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர் என்பது உங்களுக்கே தெரியும். பைப்புத் தண்ணீரை பேட்டரியில் ஊற்ற மாட்டேன் என்பீர்கள். கேன் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்கிற கேன் தண்ணீரிலும் உப்புகள் உண்டு. அது பேட்டரிக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட்டை ஒருபோதும் மேலே ஊற்றாதீர்கள், வற்றுவது தண்ணீர்தான். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கரிசல் வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டுக்கு இரண்டடி மேலே தொங்கும் பேட்டரி, கம்பெனி புத்தகத்தில் போட்ட ஆயுளுக்கு எப்படி வரும்? பேட்டரியின் தலையில் படியும் கரிசல் தூசியையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள். அது ஆசிட் ஈரத்தில் ஊறினால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பாதை போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக சார்ஜைக் கடத்தும்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும், இன்ஜின் ஓடினால் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்பீர்கள். ஆகும், நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆகாது. ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது, ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். முழு வேகத்தில் தருவதில் ஒரு பகுதியைத்தான் தரும். அதோடு, லெட்-ஆசிட் பேட்டரி எண்பது சதவீதம் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி இருபதுக்கு மணிக்கணக்காகும். அந்த இருபதை நின்ற இடத்தில் நிரப்ப நினைப்பது வீண். தூத்துக்குடியிலிருந்து திருச்சி வரை ஓர் ஓட்டம் ஓடினால் தானாக நிறையும். துறைமுகத்துக்கும் குடோனுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் பேட்டரி அரைவயிற்றிலேயே கிடக்கும். அந்த மாதிரி வாரத்தில் ஒரு ராத்திரி ஷெட்டில் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

துறைமுக வரிசையில் அரை மணிக்கு ஒரு தடவை நாலு அடி நகர வேண்டியிருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் அணைப்பதா என்றால், ஆமாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் அணையுங்கள். "அணைத்தால் ஏர் இறங்கிவிடும், திரும்ப ஏற நேரமாகும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான்" என்று டிரைவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அரை மணியில் ஏர் இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. பிரேக் விஷயத்தில் அதை ஐடிலிங்கால் சமாளித்துக்கொண்டு போவது டீசல் விரயம் மட்டுமல்ல. வண்டியைத் தட்டி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்து, அந்தக் கசிவை அடையுங்கள்.

பி.எஸ்.6 வண்டி என்பதால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் சைலன்சர் வெறும் தகரக் குழாய் அல்ல. கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும், யூரியாக் கரைசலால் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி ஒன்றும் உள்ளே இருக்கின்றன. இரண்டுக்கும் சூடு வேண்டும். ஐடிலிங்கில் புகை சூடாகவே ஆகாது. கரி சேர்ந்துகொண்டே போகும். அப்புறம் டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி தானே கரியை எரிக்கப் பார்க்கும், இல்லையென்றால் நிறுத்திவைத்து எரிக்கச் சொல்லும். அப்போது சைலன்சருக்குள் 550, 600 டிகிரி வரை சூடு ஏறும். நம் ஊரை நினைத்துப் பாருங்கள். காய்ந்த கோரை, சோளத்தட்டை, பருத்தி மார், ஒரு பக்கம் தீப்பெட்டி, இன்னொரு பக்கம் சிவகாசிப் பட்டாசு. கரியை எரிக்கும் அந்த 'ரீஜெனரேஷன்' விளக்கு எரிகிறபோது புல் முளைத்த ஓரத்தில் வண்டியை விடாதீர்கள். தீப்பெட்டி குடோன் வாசலில் நினைத்தே பார்க்காதீர்கள். வெறும் சிமெண்ட் தளத்திலோ தார் தளத்திலோ நிறுத்திச் செய்யுங்கள். ராத்திரி ஐடிலிங் குறைந்தாலே அந்த விளக்கு எரிவதும் குறையும்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை இரண்டு மூன்று நாள் போட்டுவைத்தால் அதைத் திருப்பி விடுவது நல்லது. ஆனால் சாவியை எடுத்த கையோடு திருப்பாதீர்கள். இன்ஜின் நின்ற பிறகும் யூரியா பம்பு குழாயில் இருப்பதைத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். குறைந்தது இரண்டு நிமிடமாவது விட்டுத் திருப்புங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. அவசரப்பட்டுத் திருப்பினால் யூரியா குழாயிலேயே காய்ந்து உப்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

இன்ஜினை ஓட விட்டுத் தூங்குவதைச் சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் வண்டி நின்றால் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். பின்னால் படுக்கையில் குறட்டை விடுவது சீட்டில் இருப்பதாகாது. சட்டத்தைவிடப் பெரிய பயம் புகை. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். டீசல் இன்ஜினில் அந்த வாயு குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஓட்டை விழுந்த சைலன்சர், அடைத்த கண்ணாடி, பக்கத்தில் ஒட்டி நிற்கும் நாலு வண்டிகளின் புகை எல்லாம் ஒரே ராத்திரியில் கூடினால்? அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவனை எழுப்பவும் செய்யாது.

காலையில் செல்ஃப் எடுக்காமல் பக்கத்து வண்டியில் வயர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் 24 வோல்ட் வண்டிதானே? ஸ்டார்ட் ஆனவுடன் ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி வேறு பேட்டரிக்கு மாற்றுகிற பழைய வித்தையை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த நொடியில் ஆல்டர்னேட்டரிலிருந்து எகிறும் வோல்ட்டேஜில் இன்ஜின் கம்ப்யூட்டரே போய்விடும். அதன் விலைக்கு ஒரு ஜோடி பேட்டரி அல்ல, பல ஜோடி வரும். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் ஏர் இறங்கின வண்டியில் நடக்காது. பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பயம் விடவில்லை என்றால் லோ-வோல்ட்டேஜ் கட்-ஆஃப் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஃபேன், பாட்டு, சார்ஜர் மூன்றையும் அதன் வழியாகக் கொடுத்து, 24.2 வோல்ட்டில் அணையும்படி வைத்துவிடுங்கள். ராத்திரி அந்த அளவுக்கு இறங்கினால் ஃபேன் நிற்கும், நீங்கள் வேர்த்து விழிப்பீர்கள். ஆனால் செல்ஃபுக்கான சார்ஜ் பத்திரமாக இருக்கும். அதோடு கேபின் கூரைமேல் 100 வாட்ஸ் சோலார் பேனல் ஒன்று. நம் வெயிலுக்கு ஒரு நாளில் 400 வாட்-அவர் அளவுக்குத் தரும், ஃபேனுக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாமல் நேரடியாகப் போடச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

புழுக்கத்துக்கு ஒரு காசு செலவில்லாத வழியும் உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை கரிசலில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நம்பித்தான் கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. வண்டியின் மூக்கை வடக்கோ தெற்கோ பார்த்து நிறுத்துங்கள். இரண்டு கதவுக் கண்ணாடியையும் இறக்கி, அளவெடுத்துத் தைத்த கொசுவலையைக் கதவுச் சட்டத்தில் மாட்டினால் காற்று குறுக்கே ஓடும். தையலுக்கு உங்கள் ஊரில் ஆள் தேட வேண்டுமா என்ன? இடம் கிடைக்கும்போது மட்டும்தான் இது முடியும் என்பதும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த யோசனையைக் கேட்டு ரோட்டை விட்டுக் கரிசலில் இறக்கிவிடாதீர்கள்; கிரேன்தான் வந்து எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த நிறுத்த ஏ.சி. நல்ல சாமான்தான். உங்கள் இப்போதைய பேட்டரியில் மட்டும் வைக்காதீர்கள். 24 வோல்ட்டில் அது 20 முதல் 35 ஆம்பியர் வரை இழுக்கும். ராத்திரி முழுக்கத் தொடர்ந்து ஓடினால் 160-க்கு மேல் வேண்டும். உங்களிடம் செலவழிக்க இருப்பது 40. இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கென்று தனியாக லித்தியம் பேட்டரி, 24 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் அளவில் வைத்து, ஸ்டார்ட்டிங் பேட்டரியோடு கலக்காமல், ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏறும்படி செய்தால் வேலை செய்யும். செலவு பெரிது. ஆனால் மாதத்தில் பதினைந்து ராத்திரி நிற்கும் வண்டி என்றால், ராத்திரிக்கு ஆயிரத்து நூறு வீதம் மாதம் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் டீசல் எரிகிறது. அந்தக் கணக்கைத் தாளில் எழுதி முதலாளி கையில் கொடுங்கள். ஆப்பில் ஐடிலிங் மணியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் புரியும். 2025 முதல் புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு கேபின் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு ஆக்கியிருக்கிறது. அடுத்த வண்டியில் உங்களுக்கு ஏ.சி. வரும். ஆனால் அது இன்ஜின் ஓடினால்தான் குளிரும். நிற்கும் ராத்திரிக்கு அதை நம்பினால் டீசல் இப்போதைவிடக் கூடும். இதை வண்டி வாங்கும் முன்பே அவரிடம் பேசி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். தூங்காத டிரைவர் ஓட்டும் வண்டியோடு ஒப்பிட்டால் 12 லிட்டர் டீசல் ஒன்றுமே இல்லை. ஃபேனும் இல்லாமல், வலையும் இல்லாமல், "அணைச்சிட்டுப் படு" என்று சொல்கிற முதலாளி மிச்சம் பிடிப்பது எதை என்று அவரே யோசிக்கட்டும். எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறையோடு ஓய்வறை கட்டிவருகின்றன. 2025 நடுவில் நாடு முழுக்க 350-ஐத் தாண்டிவிட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் வழியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடோன் வாசலில் காத்துக்கிடக்கும் ராத்திரிக்கு அது உதவாது. அங்கே நிழலும் தண்ணீரும் தர வேண்டியவர்கள் லோடுக்காரர்கள். அதைக் கேட்க உங்கள் சங்கம்தான் வாய் திறக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: வண்டியை ஒரு ராத்திரி எதுவும் போடாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. இரண்டுக்கும் நடுவில் 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் மேலே சொன்ன அந்தத் திருட்டு வயர் இருக்கிறது, அல்லது ஒரு பேட்டரி போய்விட்டது. மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் கொண்டு பன்னிரண்டு செல்லையும் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன செல் 1240-க்கு மேல் காட்டும். ஒரு செல் மட்டும் மற்றதைவிட ஐம்பது புள்ளி குறைந்தால் அந்த பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் வேகம் கொடுத்து, மொத்த வோல்ட்டேஜைப் பாருங்கள். 28-லிருந்து 28.5 வரை இருக்க வேண்டும். 27-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 29-க்கு மேல் போனால் ரெகுலேட்டர்.

இந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பேட்டரி வாங்கின மாதம், ஆம்பியர்-அவர், எர்த் சோதனையில் மீட்டர் காட்டின அளவு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்குள் எந்தக் கடையிலும் புது பேட்டரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.